பின் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்டலாமா என்று கேட்ட நண்பனுக்கு

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். இரவில் பின்னால் வருகிற வண்டிகளின் ஹெட்லைட் கண்ணைப் பறிக்கிறதாம். பின் கண்ணாடிக்குக் கறுப்புப் பிலிம் ஒட்டிவிடட்டுமா, நீதான் வருடக்கணக்கில் ஒட்டி வைத்திருக்கிறாயே என்றான். “ஒட்டாதே” என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அப்போது நான் நின்றுகொண்டிருந்தது, பழைய பிலிமை உரித்துவிட்டுப் புதிது ஒட்டி வாங்கிய என் காருக்குப் பக்கத்தில்.

அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

கார் வாங்கிய இரண்டாவது வாரமே பின் கண்ணாடிக்கு 20 சதவீதப் பிலிம் ஒட்டினேன். 20 என்றால் நூற்றில் இருபது பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் என்று பொருள். எண் குறையக் குறைய இருட்டு கூடும். ஆனால் பிலிமின் எண் மட்டும் கணக்கில்லை. வெறும் கண்ணாடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும். என் கண்ணாடியை மீட்டர் வைத்து அளந்தபோது 76 காட்டியது. அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் மொத்தத்தில் உள்ளே வருவது 15 சதவீதம்தான். பெரிய வண்டிகள் சிலவற்றில் பின் கண்ணாடி கம்பெனியிலிருந்தே கறுப்பாக வரும். அதன் மேல் இன்னொரு பிலிம் என்றால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் ஊருக்கு ஊர் வேறு, சில நாடுகளில் பிலிமே கூடாது. அதை விசாரித்துக்கொள்வது அவரவர் பாடு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கிற மிரரில் ஹெட்லைட் அடிப்பது நிஜமாகவே குறைந்தது. பிலிம் இல்லாமல் வெள்ளைத் தகடுபோல் எரிந்த எல்.இ.டி. விளக்குகள், பிலிமுக்குப் பிறகு இரண்டு மஞ்சள் நிலாக்கள்போல அடங்கின. பகலில் பின் சீட்டில் வெயில் சுடுவது குறைந்தது. பின்னால் வைக்கும் பை வெளியே தெரிவதில்லை. இதெல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை.

ஆனால் பிலிமுக்கு ஹெட்லைட் எது, இருட்டில் நிற்கிற கம்பம் எது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில்தான் வெட்டும். விளக்கும் ஐந்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் லைட் இல்லாமல் வருகிற சைக்கிளும் ஐந்தில் ஒன்று. இதில் கண்ணின் கணக்கு வேறு. வெளிச்சம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் கூச்சமும் அதே அளவு குறைவதில்லை, ஏதோ கொஞ்சம் தணிந்ததுபோலத்தான் தெரியும். ஏற்கெனவே மங்கலாக இருந்த சைக்கிளோ மொத்தமாக மறைந்துவிடும். மழை இரவில் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தால் புரியும். ரிவர்ஸ் லைட் எரிகிறது, ஆனால் கண்ணாடி வழியே தெரிவது ஒரு கறுப்புப் பலகை. ஒரு தடவை முழங்கால் உயரக் கம்பம் ஒன்றைக் கேமராவில்தான் கண்டேன். லென்ஸில் மழைத்துளி இருந்திருந்தால் பம்பர்தான் அதைக் கண்டுபிடித்திருக்கும். அன்றிலிருந்து இருட்டில் ரிவர்ஸ் என்றால் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டுவது பழக்கமாகிவிட்டது. மழையானாலும் அப்படித்தான்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். என்னை வருடக்கணக்கில் எரிச்சல்படுத்தியது வேறு ஒன்று, பக்கத்து மிரர்கள்.

உள் மிரரில் நிலா, பக்கத்து மிரர்களில் சூரியன். பின்னால் ஒரு வண்டி வந்துவிட்டால் வலது மிரரிலிருந்து ஒரு வெள்ளை அடி நேராகக் கண்ணுக்கு வரும். உள்ளே இருட்டாக இருப்பதால் இந்த அடி இன்னும் பலமாகத் தெரியும். பக்கத்து மிரர் வெளிச்சம் பின் கண்ணாடி வழியாக வருவதில்லை, அதைப் பிலிம் தடுக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு ஏன் அடிக்கிறது என்பதுதான் புரியவில்லை. மிரரை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். சீட்டை உயர்த்திப் பார்த்தேன். கண் டாக்டரிடம்கூடப் போனேன். கண்ணில் ஒன்றும் இல்லை, கண்ணாடியைத் துடைத்துப் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது மூக்குக் கண்ணாடியை.

விடை கிடைத்தது பிலிமை உரித்த பிறகுதான். மூன்றரை வருடத்தில் அது ஊதா நிறமாகிவிட்டிருந்தது. சாயப் பிலிம்களுக்கு இது வழக்கமான கதி. கறுப்பு வெளுத்துப்போய் ஊதா மட்டும் மிஞ்சும். பிலிம் ஒட்டுபவர் ஆவி காட்டிப் பசையை இளக்கி மெதுவாகத்தான் உரித்தார். இருந்தாலும் பிலிமோடு சேர்ந்து டீஃபாகர் கோடு (சூடாகிக் கண்ணாடியின் பனியை விலக்கும் மெல்லிய கோடு) ஒன்றும் ஓர் இடத்தில் பிய்ந்துபோனது. அந்தக் கோடுகள் கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்கின்றன, பிலிமும் உட்பக்கத்தில் அவற்றின் மேலேயே ஒட்டப்படுகிறது. அதனால் உரிக்கும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு. மறுநாள் காலை சுவிட்சைப் போட்டேன். கண்ணாடி முழுக்கப் பனி விலகியது, நடுவில் ஒரு பட்டை மட்டும் அப்படியே வெள்ளையாக நின்றது.

அதை நானே சரிசெய்தேன், அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டேன். டீஃபாகரை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பாடியில் வைத்து, இன்னொரு முனையைக் கோட்டின் மேல் மெல்ல நகர்த்த வேண்டும். பிளஸ் பக்கத்திலிருந்து நகர்த்தினால், அறுந்த கோட்டில் வோல்ட் ஏறக்குறைய குறையாமலே வந்து, வெட்டு இருக்கிற இடத்தில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். அந்த இடத்தின் மேலும் கீழும் டேப் ஒட்டி, நடுவில் வெள்ளிப் பெயின்ட்டைத் தீக்குச்சி முனையால் தடவிக் காயவிட்டேன். கோணலாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் பனி விலகுகிறது.

இந்த வேலையெல்லாம் முடிந்து புதுப் பிலிம் வருகிறவரை 11 நாள் வெறும் கண்ணாடியோடு ஓட்டினேன். இரண்டாவது இரவு, பின்னால் ஒருவர் ஹை பீமில் வந்து ஒட்டினார். வழக்கம்போல வலது பக்கம் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தால், பக்கத்து மிரர் தானாகவே இருண்டுகொண்டிருந்தது! லேசான நீலப்பச்சையாக, மெதுவாக. உள் மிரரும் அப்படியே.

என் காரின் பக்கத்து மிரர்களுக்கும் தானாக மங்கும் வசதி இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேனுவலில் போட்டிருக்கிறது. மேனுவலை யார் படித்தார்கள்?

விஷயம் இதுதான். தானாக மங்கும் மிரருக்கு இரண்டு கண்கள். ஒன்று முன்னால் பார்த்து வெளியே இருட்டா பகலா என்று சொல்லும். இன்னொன்று பின்னால் பார்த்து ஹெட்லைட் அடிக்கிறதா என்று சொல்லும். அந்தப் பின் கண் இருப்பது உள் மிரரில், அது பார்ப்பது பின் கண்ணாடி வழியாக. பக்கத்து மிரர்களுக்கு என்று தனிக் கண் கிடையாது, உள் மிரர் சொன்னால்தான் அவை மங்கும். நான் என்ன செய்திருக்கிறேன்? அந்தக் கண்ணுக்கு முன்னால் 15 சதவீதத் திரையைக் கட்டிவிட்டேன். வெளியே ஹை பீம் எரியும், உள் மிரர் ‘ஒன்றும் பெரிதாக இல்லையே’ என்று சும்மா இருக்கும், பக்கத்து மிரர்கள் முழு வெளிச்சத்தையும் என் கண்ணில் கொட்டும். கூச்சத்தைக் குறைக்கக் காசு கொடுத்து ஒட்டிய பிலிம், கார் தானே செய்துகொண்டிருந்த வேலையைக் கெடுத்திருக்கிறது. அதுவும் மூன்றரை வருடம். ஒட்டியவர் சொல்லவில்லை, விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

அந்த 11 நாளில் இன்னொன்றும் தெரிந்தது. ஹெட்லைட்டிலிருந்து மேலும் கீழும் வாள்போல நீளும் ஒரு கோடு தெரியுமே, அதற்குக் காரணம் பிலிம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். பிலிம் போன பிறகும் அது இருந்தது. படுக்கைவாட்டில் ஓடும் நெருக்கமான கோடுகள் வழியே ஒரு புள்ளி வெளிச்சத்தைப் பார்த்தால், அது செங்குத்தாகத்தான் சிதறும். டீஃபாகர் கோடுகளுக்கு அந்தக் குணம் உண்டு, துணியால் ஒரே திசையில் துடைத்த எண்ணெய்ப் பிசுக்குத் தடத்துக்கும் உண்டு. டேஷ்போர்டு, சீட் இவற்றின் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகி வருகிற பிசுக்கு கண்ணாடியின் உட்பக்கம் படிந்துகொண்டே இருக்கும். பகலில் தெரியாது, இரவில் ஹெட்லைட் பட்டால் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். பின் சீட்டில் மண்டியிட்டு, புறங்கையால் துணியை அழுத்தி, கீழ் மூலை வரை இரண்டு தடவை துடைத்தேன். பாதிக் கூச்சம் அதிலேயே போய்விட்டது. (பிலிம் இருந்தால் அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், பிலிம் கெட்டுவிடும்.)

இவ்வளவும் தெரிந்த பிறகு, பன்னிரண்டாம் நாள் போய் மறுபடியும் பிலிம் ஒட்டினேன்.

வெயில்தான் காரணம் என்று வீட்டில் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. மூன்றரை வருடம் நிலாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உள் மிரர் மங்குவதற்கு முன்னால் வரும் அந்த ஒரு நொடி வெள்ளையைத் தாங்க முடியவில்லை. இந்தத் தடவை 50, செராமிக் (சாயத்துக்குப் பதில் வெப்பத்தைத் தடுக்கும் செராமிக் துகள் கலந்த பிலிம்). மீட்டரில் 38 காட்டியது. ஹை பீம் வந்தால் பக்கத்து மிரர்கள் இப்போது மங்குகின்றன, சாதாரண பீமுக்குச் சில சமயம் மங்குவதில்லை. ரிவர்ஸில் கம்பம் தெரிகிறது. செராமிக் என்பதால் வெப்பமும் பரவாயில்லை. ஆனால் எதிரே தெருவிளக்கு சாய்வாக விழும்போது கண்ணாடியில் ஒரு மெல்லிய புகை நிற்கிறது, பழைய பிலிமில் அது இல்லை. நேற்று இரவு அதைத் துடைக்கப் போனேன். துடைத்தால் போகிற விஷயம் இல்லை, பிலிமுக்குள்ளேயே இருக்கிறது.

நண்பனுக்கு மறுபடி போன் செய்தேன். அவன் காரில் தானாக மங்கும் மிரர் இல்லை, சாதாரண மிரர்தான். முதலில் கண்ணாடியை உள்ளே துடை, அப்புறம் மிரருக்கு அடியில் இருக்கிற சின்னக் காதைத் தள்ளு என்றேன். அது ஆப்பு வடிவக் கண்ணாடி. தள்ளினால் பின்னாலிருக்கும் வெள்ளிப் பூச்சு கூரையைப் பார்க்கத் திரும்பிக்கொள்ளும், முன்பக்க வெறும் கண்ணாடி பிரதிபலிக்கிற நாலு சதவீதம்தான் உனக்கு வரும், நான் ஒட்டிய எந்தப் பிலிமும் இவ்வளவு வெட்டாது, வேண்டாதபோது திருப்பியும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஆறு வருடமாக அந்தக் காது, மிரரைப் பிடித்துத் திருப்புவதற்கான கைப்பிடி என்று நினைத்திருக்கிறான்.

மறுநாள் இரவு மெசேஜ் வந்தது. “தள்ளிப் பார்த்தேன்டா, சூப்பர். சரி, பிலிம் எத்தனை சதவீதம் போடட்டும்?”

50 என்று அனுப்பினேன்.