பிரான்கோனியா முகடு மே மாதத் தொடக்கத்தில் எப்படி இருக்கிறது?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் பிரான்கோனியா மலை முகட்டுக்கு இப்போது போவதாக இருந்தால், அடிவாரத்தில் வெயில் அடிக்கிறதே என்று சாதாரண ஷூவோடு கிளம்பிவிடாதீர்கள். ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையின் கீழ்ப்பகுதி முழுக்கச் சேறு, பனி உருகி ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, தாண்டும் இடங்களில் கற்கள் பாதி மூழ்கிக் கிடக்கின்றன. ஆனால் அருவிகளைப் பார்க்க இதுதான் நேரம், அதிலும் 80 அடி கிளவுட்லேண்ட் அருவி. அதற்கு மேலேதான் உண்மையான வேலை. குளிர்காலம் முழுக்க மிதிபட்டு இறுகிய பனி பாதை நடுவே ஒற்றைத் தண்டவாளம் மாதிரி நிற்கிறது, கால் கொஞ்சம் விலகினால் தொடை வரை உள்ளே போகும். மைக்ரோஸ்பைக்ஸ் (பனியில் வழுக்காமல் ஷூவில் மாட்டும் இரும்பு முள்) இல்லாமல் வந்தவர்கள் மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள், பாவம்.

முகட்டில் லிட்டில் ஹேஸ்டேக் சிகரத்திலிருந்து லிங்கன் சிகரம் வழியாக லஃபாயெட் சிகரம் வரை மரமே கிடையாது, பாறை பெரும்பாலும் காய்ந்திருந்தது, காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. லஃபாயெட் உச்சி 5,200 அடிக்கு மேல், வழியில் ஒதுங்க இடமில்லை, காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கட்டாயம். அப்புறம், பனியைச் சுற்றிப் போகிறேன் என்று ஓரத்துச் செடிகளை மிதிக்காதீர்கள், அவை மீண்டு வர வருஷக்கணக்காகும்.

ஓல்டு பிரைடில் பாத் இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். சுற்று மொத்தம் 14 கிலோமீட்டர் போல. ஐந்துக்கு நாலு கொடுப்பேன், சேறு பிடிக்காதவர்கள் ஜூன் பாதிக்கு மேல் போங்கள்.