நெல் மில், பாலம், வாவி, துருசு: அதிர்வு மின்சாரம் எங்கே எடுபடும்?

பற்றரி இல்லாமல் அதிர்விலேயே ஓடும் கம்பியில்லாச் சென்சர் வாங்கலாமா என்று கேட்கும் மில்காரருக்கு என் பதில்: சாதனத்தைப் பிறகு பார்ப்போம், உங்கள் மோட்டர் எவ்வளவு அதிர்கிறது என்பதை முதலில் அளந்து பாருங்கள்.

லோராவில், அதாவது குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் வானொலி முறையில், ஒரு சிறு செய்தி அனுப்ப, வாங்கும் கருவி கிட்ட இருந்தால் ஏறத்தாழ 10 மில்லிஜூல் போதும். தூரம் கூடினால் அது பத்து மடங்குக்கு மேலும் ஏறும். அதிர்விலிருந்து 100 மைக்ரோவாட் கிடைத்தால் 10 நிமிடத்தில் 60 மில்லிஜூல் சேரும். மோட்டரின் சூட்டைச் சொல்ல அது தாராளம்.

கிழக்கிலங்கையில், சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ, ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். அங்கே போட்டி பீசோவுக்கும் காந்தச் சுருளுக்கும்தான். வளைத்தால் மின்னூட்டம் தரும் படிகத்தைக் கியூரி சகோதரர்கள் 1880 இல் கண்டார்கள்; இன்றைய பீசோ பட்டை அதன் வழி வந்தது. காந்தச் சுருள், ஃபாரடே 1831 இல் காட்டிய தூண்டல்: காந்தம் அசைந்தால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். இரண்டிலும் உள்ளே ஒரு எடை ஆடுகிறது. அதன் இயல்பான ஆட்டமும் மோட்டரின் அதிர்வும் ஒத்துப்போனால்தான் மின்சாரம். ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒன்றிரண்டு ஆட்டம், விலகினாலே பெரும்பங்கு போய்விடும்.

சிக்கல் இங்கேதான். நான்கு முனை மோட்டர் சுமையில்லாமல் 25 ஹெர்ட்ஸுக்குக் கிட்டச் சுழலும். நெல் விழுந்ததும் 24 பக்கம் இறங்கும். ஆகவே சுழற்சிக்கு இசைத்த சாதனம் நாள் முழுக்கத் தடுமாறும். மோட்டரின் இரும்புக் கூடு மின்சாரத்தின் இரட்டை வேகத்தில், 100 ஹெர்ட்ஸில், முனகுகிறதே, அதற்குச் சுமை ஒரு பொருட்டல்ல. அதற்கு இசைப்பதே புத்தி. ஆனால் அந்த முனகல் சிறியது. கைபேசியில் அளப்பதானால் நொடிக்கு 200 தடவைக்கு மேல் பதிவது அவசியம். அதற்குக் குறைந்தால் 100 ஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது.

நான் காந்தச் சுருளையே எடுப்பேன். பீசோ பீங்கான் மெல்லியது, அடி பட்டால் விரிசல் விடும், வழக்கமான வகையில் ஈயமும் உண்டு. கைக்கடங்கும் இடத்துக்கு அது நல்லது. மில்லில் இடத்துக்கு என்ன பஞ்சம்? முஷ்டி அளவுச் சுருளை உமித்தூசி புகாத பெட்டியில் மூடி வைக்கலாம். மில் நின்றால் மின்சாரமும் நிற்கும். அப்போது அளக்கவும் ஒன்றுமில்லை. பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக அறுவடைக்கும் இடையில் பூட்டிக் கிடக்கும் மில்லில் சேர்த்த மின்சாரம் வடிந்துவிடும், திரும்ப எழும்பச் சில நிமிடம் எடுக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 3.6 வோல்ட் லித்தியம் பற்றரி ஒன்று, விரல் அளவுதான், 100 மைக்ரோவாட் செலவில் கணக்குப்படி ஒன்பது பத்து வருடம் ஓடும். சூட்டில் அது குறையும். ஒரேயொரு சென்சர் என்றால் பற்றரியே போடுங்கள். மில் முழுக்கப் பல பேரிங்குகள், அதுவும் கை எட்டாத இடத்தில் என்றால் மட்டும் அதிர்வில் மின்சாரம் எடுக்கும் சாதனம் லாபம்.

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில், 1924 இல் திறந்த பழையதோ 2013 இல் திறந்த புதியதோ, எனக்கு நம்பிக்கையில்லை. பாலம் சில ஹெர்ட்ஸில், பஸ் போகும் நேரம் மட்டும் அசைகிறது. சூரியத்தகடு வையுங்கள்.

வாவியில் மிதவை வைப்பவர்களுக்கு உராய்வு மின் சாதனம் இனிப்பாகத் தெரியும். சோங் லின் வாங் குழு 2012 இல் காட்டிய இம்முறையில், இரு வேறு பொருட்கள் தொட்டுப் பிரிகையில் மின்னூட்டம் பிறக்கிறது. மெதுவான அலைக்கும் அது பலன் தரும், அதுவே அதன் பெருமை. ஆனால் ஈரம் பட்டால் மின்னூட்டம் கசியும். வாடைக்காற்றுக் கால ஈரத்திலும் உப்பிலும் மூடியின் ரப்பர் எத்தனை நாள் தாங்கும் என்பதே அங்கே முழுக் கேள்வி. பகல் வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டர் சூரியத்தகடு 10 மில்லிவாட்டுக்கும் மேல் தரும்போது, இறால் பண்ணைக்காரரை இந்தப் பரிசோதனைக்குள் இழுக்க நான் விரும்பவில்லை.

எனக்கு உண்மையில் ஆசை தருவது வேறொன்று: உன்னிச்சை, கல்லோயா பாசன வாய்க்கால்களின் துருசு, அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் மதகு. பற்றரியில்லாச் சுவர் ஆளிகளில் விரல் அழுத்தமே செய்தியை அனுப்புகிறது. துருசின் சக்கரத்தைத் திருகும் கை அதைவிடப் பல நூறு மடங்கு வேலை செய்கிறது. சக்கரத்தண்டில் ஒரு சிறு காந்தச் சுருள் போதும், "திறந்தாச்சு" என்ற செய்தி வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானையின் கைபேசிக்குப் போய்ச் சேரும். இசைப்பு வேண்டாம், வெயில் வேண்டாம். யாரும் திருகாத நாளில் சொல்லவும் செய்தியில்லை.