பலமுறை செய்ததை ஆங்கிலத்தில் எழுத ‘ஹாவிங்’ தொடரா, முழு வாக்கியமா?

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் திட்ட அறிக்கைகளையும் விண்ணப்பங்களையும் ஆங்கிலத்தில் எழுதும் நம் இளையோர் பலர், ஒரு செயலைப் பலமுறை செய்ததாகக் கூற வேண்டிய இடத்தில் ‘ஹாவிங்’ என்று தொடங்கி, முன்னரே முடிந்த செயலைக் காட்டும் பெர்ஃபெக்ட் பார்ட்டிசிப்பிள் தொடரை விரும்பி எடுக்கின்றனர். ‘ஹாவிங் விசிட்டட் தி ஃபார்மர்ஸ் மெனி டைம்ஸ், வீ அண்டர்ஸ்டுட் தெயர் நீட்ஸ்’ என்பது பிழையற்ற வாக்கியமே. ஆயினும் பலமுறை என்ற பொருளை அங்கே தருவது ‘மெனி டைம்ஸ்’ மட்டுந்தான். ‘ஹாவிங் விசிட்டட்’ என்பது, சென்று முடித்த பின்னரே விளங்கிக்கொண்டோம் என்ற முன்பின் ஒழுங்கையும் ஓரளவு காரணத்தையும் காட்டுகிறது. தமிழில் ‘போய்ப் போய்’ என்று வினையெச்சத்தை அடுக்கினாலே போதும். ஆங்கிலத் தொடருக்கு அந்த வசதி இல்லை.

‘ஆஃப்டர் விசிட்டிங்’ ஏறத்தாழ இதே வேலையை எளிமையாகச் செய்யும், ஆனால் காரணத்தை அவ்வளவு உணர்த்தாது. முன்பு வழக்கமாகச் செய்து இப்போது விட்டுவிட்ட செயலுக்கு ‘யூஸ்ட் டு’ பொருந்தும்.

உண்மையான இடர் எழுவாயில் இருக்கிறது. ‘மாரி மழை பெய்து இரணைமடுக் குளம் நிரம்பியது’ என்று நாம் இரண்டு எழுவாய்களை ஒரே வாக்கியத்தில் இயல்பாக இணைக்கிறோம். ‘பலமுறை எழுதியும் பதில் வரவில்லை’ என்பதும் அத்தகையதே. இந்த அமைப்பை அப்படியே கொண்டுபோய் ‘ஹாவிங் ரிட்டன் செவரல் டைம்ஸ், நோ ரிப்ளை கேம்’ என்று எழுதினால், எழுதியது யார் என்பதற்கு வாக்கியத்தில் ஆளே இல்லாமற்போகிறது. இலக்கணம் பார்த்தால் பதிலே கடிதம் எழுதியதாக ஆகிறது. காணி அனுமதிப்பத்திரம் கேட்டு அலைபவரின் முறைப்பாட்டில் இந்த மயக்கம் இருக்கவே கூடாது. அங்கே ‘ஐ ஹாவ் ரிட்டன் செவரல் டைம்ஸ், பட் ஐ ஹாவ் ரிசீவ்ட் நோ ரிப்ளை’ என்ற முழு வாக்கியத்தையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். எழுதிய திகதிகளையும் அதன்பின் வரிசையாகச் சேர்க்கலாம்.

பின்னணியைச் சுருக்கிக் கூறும் அறிக்கைக்கு ‘ஹாவிங்’ தொடர் அழகுதான். முறைப்பாட்டிலும் அதைக் கைவிட மனமில்லாதவர், ‘ஹாவிங் ரிட்டன் செவரல் டைம்ஸ், ஐ ஹாவ் ஸ்டில் ரிசீவ்ட் நோ ரிப்ளை’ என்று, காற்புள்ளியை அடுத்து எழுதியவரையே எழுவாயாக நிறுத்த வேண்டும்.