முதல் பந்தியில் எத்தனை இலை? 2020 அமெரிக்கத் தேர்தலின் முன்கூட்டிய ஓட்டுகள்

கல்யாண வீட்டில் முதல் பந்தி நிரம்பி வழிந்தால் சமையல்காரருக்கு வயிற்றைக் கலக்கும். கூட்டமே அதிகமா, இல்லை எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று சீக்கிரம் உட்கார்ந்துவிட்டார்களா? இலையை எண்ணினால் இதற்குப் பதில் கிடைக்காது. 2020 அக்டோபர் மாதம் முழுக்க அமெரிக்காவில் இதே குழப்பம்தான். கொரோனாவுக்குப் பயந்து தபாலிலும், முன்கூட்டியே திறந்த வாக்குச்சாவடிகளிலும் ஓட்டுகள் குவிந்தன. புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் மெக்டொனால்ட் அவற்றை மாநிலவாரியாகத் தினமும் தொகுத்து வெளியிட்டார். நானும் தினமும் அதைத் திறந்து பார்த்தேன்.

அந்த எண்களைப் படிக்க மூன்று வழிகள் புழங்கின: மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பது, ஓட்டுப் போட்டவர் எந்தக் கட்சியில் பதிவு செய்தவர் (பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியலிலேயே கட்சியும் இருக்கும்) என்று பார்ப்பது, போன தேர்தலில் போட்டவரா புதியவரா என்று பார்ப்பது.

மொத்த எண்ணிக்கைக்கு டெக்சாஸ்தான் பெரிய விளம்பரம். அங்கே வாக்காளர் பட்டியலில் கட்சிப் பெயர் கிடையாது, எனவே பார்க்க வேறு எண்ணும் அதிகம் இல்லை. கொரோனா பயம் என்று காரணம் காட்டித் தபால் ஓட்டு வாங்க முடியாது என்பதால், பெரும்பாலானவர்கள் நேரில்தான் போனார்கள். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) காரைவிட்டு இறங்காமலே ஓட்டுப் போடக் கூடாரம் போட்டிருந்தார்கள். சில சாவடிகள் ஒருநாள் விடியவிடியத் திறந்திருந்தன. தேர்தல் நாளுக்கு முன்பே சுமார் 97 லட்சம் ஓட்டு. 2016-ல் மாநிலத்தின் மொத்த ஓட்டே 90 லட்சத்தைத் தொடவில்லை. ‘இவ்வளவு கூட்டம் வந்தால் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்குத்தான்’ என்று பேச்சு கிளம்பியது. கடைசியில் மொத்தம் 1.13 கோடி ஓட்டு, குடியரசுக் கட்சியின் டிரம்ப் ஐந்தரைச் சதவீதப் புள்ளிக்குமேல் முன்னிலையில் வென்றார். கூட்டம் வந்தது நிஜம், ஆனால் இரண்டு பக்கமும் வந்தது. மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் கவுண்டியில் 2016-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி 60 புள்ளி முன்னிலை பெற்றிருந்தார். பைடனுக்கு அது ஐந்தாகச் சுருங்கியது. மொத்த எண்ணிக்கையில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

அதற்காக அந்த எண்ணை ஒதுக்கவும் வேண்டாம். நாடு முழுக்க முன்கூட்டிய ஓட்டு 2016-ல் சுமார் 4.7 கோடி, 2020-ல் 10.1 கோடி. கூடியது 5.4 கோடி. மொத்த ஓட்டு கூடியதோ சுமார் 2.1 கோடிதான். அப்படியானால் குறைந்தது 3 கோடிப் பேர் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள். அதே ஆண்டு ஏப்ரலில் தென்கொரிய நாடாளுமன்றத் தேர்தலிலும் இதே கணக்கு: முன்கூட்டிய வாக்குப்பதிவு 2016-ன் 12 சதவீதத்திலிருந்து 26.7-க்குத் தாவியது, மொத்த வாக்குப்பதிவு 58-லிருந்து 66.2-க்கு வந்தது. பாதிக்குமேல் புதுக்கூட்டம், மீதி இடமாற்றம். கழித்தல் தெரிந்தால் போதும். ஆனால் கழிக்கவேண்டிய இரண்டாவது எண் தேர்தல் முடிந்தபிறகுதான் கையில் கிடைக்கும்!

கட்சிப் பதிவைப் பார்ப்பது இதைவிடக் கூர்மையானது போலத் தோன்றும். என் கணக்கில் மூன்றிலும் ஆபத்தானது இதுதான். புளோரிடாவில் வாக்காளர் பெயரோடு கட்சியும் பதிவில் உண்டு. உறையைப் பிரிக்காமலே, வந்த உறை ஜனநாயகக் கட்சிக்காரருடையதா, குடியரசுக் கட்சிக்காரருடையதா என்று சொல்லிவிடலாம். தபாலில் ஒருகட்டத்தில் ஜனநாயகக் கட்சிக்கு நாலு லட்சத்துக்கும் மேல் முன்னிலை. நேரில் போடும் சாவடிகள் திறந்ததும் அது கரையத் தொடங்கி, தேர்தல் நாள் காலையில் சுமார் 1.15 லட்சத்தில் நின்றது. 2016-ஐவிட இது கொஞ்சம் அதிகம் என்று ஆறுதல்பட்டவர்கள் உண்டு. டிரம்ப் 3.7 லட்சம் ஓட்டில் ஜெயித்தார்.

எங்கே சறுக்கியது? கொரோனாவே கட்சி விஷயம் ஆகிவிட்டிருந்தது. தபால் ஓட்டில் மோசடி என்று டிரம்ப் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார், அவருடைய ஆட்கள் சாவடிக்கே போகக் காத்திருந்தார்கள். 2016-ன் முன்னிலையையும் 2020-ன் முன்னிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அளவுகோலே மாறிப்போனதை மறந்துவிடுகிறோம். அப்புறம், எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் புளோரிடாவில் கால் பங்குக்கும் மேல். அவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று உறை சொல்லாது. ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்துவிட்டு டிரம்புக்குப் போட்டவரையும் சொல்லாது.

இதே கோளாறு எண்ணும் இரவில் வேறு வேஷம் போட்டு வந்தது. புளோரிடாவில் தபால் உறைகளைச் சில வாரங்களுக்கு முன்பே சரிபார்க்கத் தொடங்கலாம்; இந்திய நேரம் காலை காபி ஆறுவதற்குள் முடிவின் போக்கு தெரிந்துவிட்டது. பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்பு உறையைத் தொடக்கூடாது என்பது சட்டம். சுமார் 26 லட்சம் உறைகள். ஒவ்வொன்றிலும் வெளியே வாக்காளர் கையெழுத்திட்ட உறை, உள்ளே பெயரில்லாத ரகசிய உறை, அதற்குள் வாக்குச்சீட்டு. உள்ளுறை இல்லாமல் சீட்டு வந்திருந்தால் அந்த ஓட்டு செல்லாது. அதற்கு ‘நிர்வாணச் சீட்டு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு உறையையும் பிரித்து, சீட்டை நீவி, இயந்திரத்தில் கொடுக்கவேண்டும். அதனால் நேரில் விழுந்த ஓட்டுகள் முந்திக்கொண்டன. நமக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிரம்பின் முன்னிலை ஏழு லட்சத்தை நெருங்கியிருந்தது. தேர்தல் முடிந்த நான்காம் நாள் பைடன் ஜெயித்தது தெரிந்தது; கடைசிக் கணக்கில் வித்தியாசம் சுமார் 80,000 ஓட்டு. பெட்டி எந்த வரிசையில் திறக்கப்படுகிறது என்பதைத் தவிர அந்த ஏழு லட்சத்தில் வேறு செய்தியே இல்லை.

மூன்றாவது வழிக்கே என் ஓட்டு. வாக்காளர் பட்டியலில் யாருக்குப் போட்டார் என்று இருக்காது, போன தடவை போட்டாரா என்று இருக்கும். 2016-ல் போடாதவர் இப்போது போட்டிருந்தால் புது ஓட்டு, மற்றதெல்லாம் இடமாற்றம். யார் ஜெயிப்பார் என்பதற்கு இது உதவாது, எவ்வளவு பேர் வருவார்கள் என்பதற்கு நன்றாகவே உதவும். மெக்டொனால்ட் அக்டோபரிலேயே 15 கோடிப் பேர் வருவார்கள் என்றார். வந்தவர்கள் 15.9 கோடி, தகுதியுள்ளவர்களில் 66 சதவீதத்துக்கும் மேல், 1900-க்குப் பிறகு மிக அதிகம்.

சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்கூட்டியே வரத் தொடங்கினார்கள். நெவாடாவில் முன்கூட்டிய ஓட்டுகளில் அவர்கள்தான் முன்னிலை. 2020-ல் கற்ற பாடத்தை நம்பி, ‘வெறும் தேதி மாற்றம், கடைசி நாளில் சரியாகிவிடும்’ என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். டிரம்ப் மூன்று புள்ளியில் நெவாடாவை எடுத்தார். 2004-க்குப் பிறகு அங்கே ஜெயித்த முதல் குடியரசுக் கட்சி வேட்பாளர் அவர்தான்.