கொரொலெவ் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு குடியிருப்பு: யாழ்ப்பாணத்துச் சிறுவர் விண்வெளி முகாம்

பாடசாலை விடுமுறைகளில் யாழ்ப்பாணத்தில் நடைபெறும் சிறுவர் விண்வெளி முகாம் ஒன்றுக்குச் சித்திரை விடுமுறையில் என் தங்கையின் மகளை அனுப்பினோம். தரம் 6 முதல் தரம் 9 வரையான பிள்ளைகளுக்குரிய அந்த மூன்று நாள் முகாமுக்கு, மதிய உணவும் சேர்த்து 4,500 ரூபா அறவிடுகிறார்கள். இத்தகைய முகாம்கள் பெரும்பாலும் திரையில் சில படங்கள், தண்ணீரில் பறக்கும் பிளாஸ்டிக் போத்தல் ரொக்கெட், முடிவில் ஒரு சான்றிதழ் என்ற அளவிலேயே நின்றுவிடுவதால், பெரிய எதிர்பார்ப்பு எதுவும் எனக்கு இருக்கவில்லை. இம்முகாம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முகாம் முழுவதும் ஒரே கற்பனை உலகத்துக்குள் நடக்கிறது. செவ்வாயின் வடபகுதியில் உள்ள கொரொலெவ் பள்ளத்தின் விளிம்பில் மனிதர் அமைத்த குடியிருப்பு ஒன்றுதான் களம். குடியிருப்பு கற்பனையே என்றாலும் பள்ளம் உண்மையானது: ஏறத்தாழ 82 கிலோமீற்றர் விட்டமுள்ள அதனுள்ளே 1.8 கிலோமீற்றர் வரை தடிப்புள்ள நீர்ப்பனி ஆண்டு முழுவதும் உருகாமல் கிடக்கிறது. சோவியத் ரொக்கெட் பொறியியலாளர் செர்கேய் கொரொலெவின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். இந்த உலகத்துக்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. ஒளியை விட வேகமாக எதுவும் செல்லக் கூடாது. வேற்றுக்கிரகவாசிகள் வந்து காப்பாற்ற மாட்டார்கள். ஓர் அணி எடுத்த முடிவு முகாமின் குறிப்பேட்டில் எழுதப்பட்டதும் அடுத்த விடுமுறையில் வரும் அணி அதன் விளைவோடுதான் வாழ வேண்டும். முந்திய அணியினர் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பயிர்க்கூடத்தின் பாதியை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் இம்முறை வந்த பிள்ளைகள் முதல் நாள் காலையிலேயே உணவுப் பற்றாக்குறையோடு தொடங்க நேர்ந்தது. முகம் தெரியாத பிள்ளைகள் மீது அவர்களுக்கு ஏற்பட்ட கோபமும், தாங்கள் எழுதப்போவதை இன்னொருவர் படித்துத் திட்டக்கூடும் என்ற பொறுப்பும் எந்த விரிவுரையாலும் வரக்கூடியவை அல்ல.

முகாமின் சிறந்த பகுதி நீர்க் கணக்குத்தான். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோகிராம் ஒட்சிசன் தேவை. நீரை மின்பகுத்தால், அதாவது மின்னைச் செலுத்திப் பிரித்தால், ஒவ்வொரு 9 கிராம் நீரிலிருந்தும் 8 கிராம் ஒட்சிசன் கிடைக்கும். ஆகவே மூச்சு விடுவதற்கு மட்டும் ஆளுக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவான நீர் நாள்தோறும் செலவாகும். 24 பேர் கொண்ட குடியிருப்புக்கு அது எவ்வளவு, குடிக்கவும் பயிருக்கும் எவ்வளவு மிஞ்சும், எவ்வளவு பனியை வெட்டி உருக்க வேண்டும் என்பதையெல்லாம் பிள்ளைகளே கணக்கிட்டுப் பங்கீட்டு அட்டவணை எழுதினார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் ஆகியவற்றிலிருந்து நீரை மீட்கும் அளவு 2023 இல் 98 சதவீதத்தை எட்டியது என்று ஆசிரியர் சொன்னபோது, முகம் சுழித்த பிள்ளைகளே மறுநாள் தங்கள் குடியிருப்பின் மீட்பு 90 சதவீதமாக இருப்பது போதாது என்று வாதாடினார்கள். நீர் மீட்கும் அறைக்கு அவர்கள் இட்ட பெயர் கிணற்றடி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, சுண்ணக்கற் பாறைக்குள் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் நன்னீரை மட்டுமே நம்பி வாழும் குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு, அளவுக்கு மீறி இறைத்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செய்தித் தொடர்புப் பயிற்சியும் நன்றாகவே அமைந்திருந்தது. புவிக்கும் செவ்வாய்க்கும் இடையிலான தூரத்தைப் பொறுத்து ஒரு செய்தி போய்ச் சேர ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். முகாமில் அதை 12 நிமிடங்கள் என்று வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் பெற்றோரைப் புவிக் கட்டுப்பாட்டு நிலையமாக அமர்த்தியிருந்தார்கள். ஒரு தாய் கட்டுப்பாட்டு நிலையத்தின் முதற் செய்தியாக “சாப்பிட்டாச்சோ பிள்ளை?” என்று எழுதி அனுப்ப, அதற்கான பதில் 24 நிமிடங்களின் பின் “ஓம்” என்று மட்டும் வந்து சேர்ந்தது. இடையில் குடியிருப்பின் காபனீரொட்சைட்டு வடிகட்டி பழுதடைந்திருந்தது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் பிறகு இரு பக்கத்தினரும் கேள்வியையும், அறிந்த விவரங்களையும், பதில் வராவிட்டால் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் ஒரே செய்தியில் எழுதப் பழகிக்கொண்டார்கள். பெற்றோர்தாம் சற்றுத் தாமதமாகப் பழகினார்கள்.

கற்பனை உலகத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. இரண்டாம் நாள் நெருக்கடியாகப் புழுதிப்புயல் ஒன்று வந்து தொடர்புக் கோபுரத்தைச் சாய்த்துவிட்டது என்று அறிவித்தார்கள். செவ்வாயின் வளியமுக்கம் புவியினுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்றும் நமக்கு இளங்காற்றாகவே உறைக்கும். தரம் 9 மாணவர் ஒருவர் எழுந்து இதைக் கேட்டார். நெறியாளர் சமாளிக்கவில்லை, புயலை விலக்கிவிட்டு, இரவு பகல் வெப்பநிலை மாற்றத்தால் ஆணிகள் தளர்ந்து கோபுரம் சாய்ந்தது என்று குறிப்பேட்டில் திருத்தி, திருத்தியவர் பெயரையும் அந்த மாணவரைக் கொண்டே எழுதுவித்தார். முகாமின் மீது எனக்கு மதிப்பு உயர்ந்த இடம் இதுதான். இப்படித் திருத்த இடம் தராத கதையுலகம் பிள்ளைகளுக்குத் தவறான பௌதிகத்தையே கற்பித்துவிடும்.

செய்மதி பற்றிய அமர்வு சுமார். இலங்கையின் முதற் செய்மதியான இராவணா 1, 2019 ஜூன் 17 அன்று விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டதையும், அது ஒரு கிலோகிராமை ஒட்டிய எடையே கொண்டது என்பதையும் சொன்னார்கள். பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் ஒன்று செய்தார்கள். அவ்வளவுதான்.

எனது பெரிய முறைப்பாடு வானத்தைப் பற்றியது. மூன்று நாளும் செவ்வாயில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு வெளியே நின்று செவ்வாயைத் தேடிப் பார்க்க ஒரு மாலை கூட ஒதுக்கப்படவில்லை. யாழ்ப்பாணம் ஏறத்தாழ வட அகலாங்கு 9.7 பாகையில் இருப்பதால், கையை நீட்டிப் பிடித்த முட்டியின் உயரத்தில் வடக்கே துருவ நட்சத்திரம் நிற்கும். சித்திரை மாத இரவுகளில் தெற்கே தென்சிலுவை என்னும் விண்மீன் கூட்டமும் தெரியும். ஒரே இடத்திலிருந்து இரண்டையும் காட்டக்கூடிய இந்த வசதி ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இல்லை. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 ஆகிய இரு நாள்களிலும் கங்கண சூரிய கிரகணம் தெரிந்த ஊர் இது. காரைநகர்க் கடற்கரைக்கு ஒரு பேருந்து பிடித்திருந்தால் போதும், தொலைநோக்கி கூடத் தேவைப்பட்டிருக்காது.

வேறு சில குறைகளும் உண்டு. கட்டுப்பாட்டுப் பலகையின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் தரம் 6 பிள்ளைகள் பெரியவர்களின் உதவிக்குக் காத்திருந்தார்கள். தமிழில் ஒட்டுவதற்கு ஒரு மாலை வேலை போதும். சராசரி வெப்பநிலை −60 பாகை செல்சியஸ் உள்ள கிரகத்தின் குடியிருப்பு, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இரண்டே மின்விசிறிகளோடு இருந்தது என்பதையும் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. மெல்லிய பருத்தி உடையும் பெரிய தண்ணீர்ப் போத்தலும் கொடுத்து அனுப்புங்கள்.

தரம் 7 முதல் தரம் 9 வரையுள்ள பிள்ளைகளை, அதிலும் கணக்கில் ஆர்வம் உள்ளவர்களைத் தயங்காமல் சேர்க்கலாம். தரம் 6 பிள்ளையாயின் தெரிந்த நண்பர் ஒருவரோடு சேர்ப்பது நல்லது. பதிவு செய்யும்போது, முந்திய அணியின் குறிப்பேட்டைக் காட்டும்படி கேளுங்கள். கேட்பவர்களுக்கு மட்டுமே அதைக் காட்டுகிறார்கள். பிள்ளை அதை முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போனால் முதல் நாள் காலை வீணாகாது.