நங்கூரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே: ஆறு ஆண்டு சுவிவல், மூன்று ஆண்டு ஷேக்கிள்

மலேசியாவின் போர்ட் கிள்ளானில் இருக்கும் நண்பர் 34 அடிப் பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார். நங்கூரத்தைச் சங்கிலியோடு இணைக்க எந்தச் சுவிவல் (இரு முனையும் தனித்தனியே சுழலும் இணைப்பு) நல்லது என்று போன வாரம் கேட்டார். எதுவும் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கேட்டவருக்கு அது பதிலாகாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் படகும் அதே நீளம்தான். 20 கிலோ ராக்னா நங்கூரம், 10 மி.மீ. கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) சங்கிலி 50 மீட்டர். ஆண்டில் பாதி நாள் லங்காவியில், குவா நகருக்கு எதிரே நிற்கும்.

முதல் ஆறு ஆண்டுகள் துருப்பிடிக்காத எஃகில் செய்த சுவிவல்தான் இருந்தது. அதன் அருமையை மறைக்க மாட்டேன். நங்கூரம் எந்தப் பக்கம் பார்த்து மேலே வந்தாலும் ஒரு விரலால் திருப்பிவிடலாம். தானாகப் படகு முனையிலுள்ள உருளையில் ஏறிப் படிந்துவிடும். கொட்டும் மழையில், இருட்டில், படகின் முன்பகுதியான அணியத்தில் தனியாக நிற்பவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது நின்றவனுக்குத்தான் தெரியும். ஆறு ஆண்டில் ஒருமுறைகூட அது என்னைக் கைவிடவில்லை.

அடிப்பாகத்துக்கு வண்ணம் பூசப் படகைக் கரையேற்றியபோது சங்கிலி முழுவதையும் தரையில் விரித்தேன். சுவிவல் பளபளவென்று இருந்தது. கழுத்தில் மட்டும் தலைமுடி கனத்தில் ஒரு பழுப்புக் கோடு. துடைத்தேன். மறுநாள் காலை அதே இடத்தில் மறுபடியும் இருந்தது. வெர்னியரை எடுத்து, நங்கூரத் தண்டைக் கவ்வும் இரண்டு காதுகளுக்கும் நடுவே அளந்தேன். ஒரு முனையில் 2 மி.மீ. விரிந்திருந்தது. அதை ஒட்டிய சங்கிலிக் கண்ணியில் துத்தநாகப் பூச்சே இல்லை, வெறும் செந்துரு.

இந்தவகை எஃகைக் காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். கழுத்து இடுக்கில் தேங்கிய உப்புநீரில் அது கிடைக்காது. அரிப்பு உள்ளேயே தொடங்கிவிடும். பாரம் முழுவதையும் தாங்கும் பகுதியும் அதுதான். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்த வலிமை, நேர்கோட்டில் இழுத்தால் தாங்கும் வலிமை. மலாக்கா நீரிணையில் ஒரு நாளில் நான்கு முறை நீரோட்டம் திரும்புகிறது. புதைந்த நங்கூரம் உடனே திரும்பாது. சங்கிலி முதலில் பக்கவாட்டில்தான் இழுக்கும். தண்டை இறுகக் கவ்விய காதுகளுக்கு அது நெம்புகோல் போட்டு நெம்புவதற்குச் சமம். சுவிவலுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று கண்ணிகள் விட்டு மாட்டினால் அந்த நெம்பல் போய்விடும். ஆனால் அப்போதும் நங்கூரத்தில் மாட்ட, திருகாணி போட்டு மூடும் லாட வடிவ வளையமான ஷேக்கிள் ஒன்று வேண்டும். எப்படியும் ஷேக்கிள் வேண்டுமென்றால் சுவிவல் எதற்கு?

சுவிவல் இல்லாவிட்டால் சங்கிலியில் முறுக்கு விழாதா என்று நண்பர் கேட்பார். அதைக் கழற்றி ஷேக்கிள் மாட்டிய இந்த மூன்று ஆண்டில் எனக்குத் தொல்லை தரும் அளவுக்கு விழவில்லை. நங்கூரம் தரையை விட்டு எழும்பித் தொங்கியதும் இருக்கிற முறுக்கும் தானாகப் பிரிந்துவிடுகிறது.

இப்போது இருப்பது கிராஸ்பி ஜி-209ஏ, 3/8 அங்குல வில் ஷேக்கிள். பணிப்பாரம் (வேலையில் பாதுகாப்பாக ஏற்றத்தக்க பாரம்) 2 டன். அதே நிறுவனத்தின் அதே அளவு சாதாரண ஜி-209 என்றால் 1 டன்தான். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் உடலில் எழுத்துப் பொறிக்காத ஷேக்கிளைத் தொடவே கூடாது. திருகாணி சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குள் நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். திருகாணி ஷேக்கிளின் வளைந்த உடலைவிடத் தடிமனானது. மரையில் கிரீஸ் தடவி, ஸ்பானரால் இறுக்கி, அது கழலாதபடி திருகாணியின் துளை வழியாக மோனெல் (உப்புநீரில் எளிதில் அரிக்காத உலோகக் கலவை) கம்பியை நான்கு சுற்றுச் சுற்றுகிறேன். முன்பு கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை போட்டிருந்தேன். வெயிலில் நொறுங்கி உதிர்ந்துவிட்டது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். ஐந்து தடவை தூக்கினால் மூன்று தடவை நங்கூரம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வருகிறது. ஷேக்கிள் சுழலாது. கொக்கிக் கம்பால் நெம்பி, முடியாதபோது கவிழ்ந்து படுத்துக் கையை நீட்டி, 20 கிலோவோடு 10 மி.மீ. சங்கிலியையும் சேர்த்து முறுக்கித் திருப்ப வேண்டும். மூன்று ஆண்டாக இதே பாடு.

போன ஆகஸ்டில் விடியற்காலை மூன்று மணிக்குச் சுமாத்ராக் காற்று (சுமாத்ரா பக்கமிருந்து திடீரென வரும் சூறைக்காற்று) அடித்தது. சங்கிலி விறைத்து, அணியம் முழுவதும் அதிர்ந்தது. கம்பியின் நான்கு சுற்றும் கண்ணுக்குள் நின்றன. முந்தைய நாள் மாலைதான் அவற்றைத் தொட்டுப் பார்த்திருந்தேன். எழுந்து நிலையைச் சரிபார்த்துவிட்டு மறுபடி படுத்துத் தூங்கினேன்.

நேற்றும் நங்கூரம் முதுகைக் காட்டியே வந்தது. இரண்டு விரல் மூட்டில் தோல் உரிந்தது. இந்த நேரத்தில் மதிப்பெண் கேட்டால் ஷேக்கிளுக்கு ஐந்துக்கு மூன்று, சுவிவலுக்கு நான்கு. அந்தச் சுவிவல் இன்னும் என் கருவிப்பெட்டியில்தான் கிடக்கிறது. நண்பர் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.