கையால் சுற்றும் பாஸ்தா மெசின்: மட்டக்களப்புக் கல்லடியில் ஆறு வருடம் பாவித்த பிறகு

வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் பார்க்க வந்தவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு தடவையாவது நாலைந்து பேர் கூடிச் சாப்பிடுகிற வீடு என்றால் வாங்குங்கள். இரண்டு பேருக்கு மட்டும் சமைக்கிற வீட்டுக்குக் கடையில் விற்கிற காய்ந்த பாஸ்தாவே போதும். மெசின் மூன்றாம் மாதமே அலுமாரிக்கு மேலே ஏறிவிடும்.

என்னுடையது 2019 டிசம்பரில் வந்தது. இத்தாலியில், பலேர்மோவில் இருக்கிற மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், லீவில் வந்தபோது உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். குரோம் பூசிய இரும்பு உடம்பு, இரண்டரைக் கிலோ பாரம், 15 சென்ரிமீற்றர் அகலத்தில் இரண்டு உருளை. தடிப்பைக் குறைக்கப் பக்கத்தில் 1 முதல் 7 வரை ஒரு திருகு. வெட்டுவதற்கு இரண்டு வழி, ஒன்று பட்டையாக, மற்றது நூல் மாதிரி. கைபிடியும் மேசைக் கவ்வியும் தனித்தனி. பெட்டியைத் திறந்ததும் மாமி கேட்டா: "இதென்ன தம்பி, சீலை பிழியிற மெசினா?" மகன் கொண்டுவந்த சாமான் என்பதால் அதோடு விட்டுவிட்டா.

முதல் நாளே நாலு கூட்டாளிமாரைக் கூப்பிட்டதுதான் நான் செய்த முதல் பிழை. கவ்வி எங்கள் சாப்பாட்டு மேசையில் ஏறவில்லை. முதிரை மேசை, விளிம்பு அவ்வளவு தடிப்பு. கடைசியில் மகளின் படிக்கிற மேசையைக் குசினிக்குள் இழுத்து வந்து பூட்டினோம். முதல் மா உருண்டையை விட்டெறிய வேண்டும் என்று கூட வந்த தாளில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள், ஃபக்டரி எண்ணெயும் இரும்புத் தூளும் அதோடு போகட்டும் என்று. நான் பார்க்கவில்லை. சாம்பல் நிறக் கோடு போட்ட பாஸ்தா வந்தது. இரண்டாவது உருண்டை வெள்ளையாகத்தான் வந்தது, ஆனால் ஈரம் கூடிப்போய் வெட்டுப் பல்லுக்குள் அப்பிக்கொண்டது. பிய்த்தெடுத்துக் கொதிநீரில் போட்டால் இழை இழையாக நிற்காமல் ஒரே களி.

காத்தான்குடியில் இருந்து வருகிற கூட்டாளி பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது கொத்துக்குப் போடுற சாமான்டா" என்றான். சும்மா சொல்லவில்லை. தோசைக்கல்லைக் காயவைத்து, வெண்காயம், லீக்ஸ், கரட், நாலு முட்டை போட்டு, இரண்டு தட்டையகப்பையால் அந்தக் களியை டக்கடக்கென்று கொத்தி எடுத்தான். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் பாஸ்தா பிழைத்தால் ஒருத்தரும் பதறுவதில்லை, தோசைக்கல்லைத்தான் தேடுவார்கள்.

மெசினில் பிழை இல்லை, பிழை அளவில் என்று பிடிபட எனக்கு ஏழெட்டு மாதம் எடுத்தது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பதுதான் இத்தாலிக்காரரின் கணக்கு. நம்மூர் முட்டை ஒன்றுக்கொன்று ஒத்துவராது, நாட்டுக்கோழி முட்டை என்றால் சொல்லவே வேண்டாம், எலுமிச்சங்காய் அளவுதான். நான் இப்போது முட்டையை எண்ணுவதில்லை, உடைத்து ஊற்றித் தராசில் நிறுக்கிறேன். திருகோணமலை ஆலையில் அரைத்து வருகிற சாதாரணக் கோதுமை மா 100 கிராமுக்குக் கச்சான் காற்று அடிக்கிற வறண்ட காலத்தில் 55 கிராம் முட்டை. மாரியில் 50 தாண்டக்கூடாது, மாவே காற்றில் இருந்து ஈரம் குடித்துத்தான் இருக்கும். பத்து நிமிடம் அடித்துக் குழைத்து, மூடி அரை மணித்தியாலம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் உருளைக்குள் போன மா றப்பர் மாதிரிச் சுருங்கித் திரும்பி வரும். ரொட்டிக்குக் குழைத்த மாவை ஏன் ஊறவைக்கிறோமோ அதே காரணம்தான்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த வீடியோவிலும் இது இல்லை. எங்கள் வீடு கல்லடியில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஆடி மாதம் கச்சான் அடிக்கிறபோது, வெட்டிய பாஸ்தாவைக் கதிரை முதுகில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். இருபது நிமிடம் போனால் தொட்டாலே நொறுங்கும். ஒரு நாள் மத்தியானம் நிலத்தில் கிடந்ததைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளினேன். கார்த்திகை மழையில் கதை தலைகீழ். முதல் நாள் பின்னேரம் கொடியில் போட்டது அடுத்த நாள் விடியவும் பச்சை ஈரம், மூன்றாம் நாள் பூஞ்சணம். ஆகவே காயவைத்துப் போத்தலில் அடைக்கலாம் என்ற ஆசையை விடுங்கள். வெட்டியதும் ரவை தூவி உதறி, சுளகில் குவியல் குவியலாக வைத்து, அன்றைக்கே அவித்துவிட வேண்டும்.

2020 ஊரடங்கின்போது மெசினுக்கு ஒரு கண்டம் வந்தது. நான் இல்லாத நேரம் பார்த்து மாமி அதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்திருந்தா. சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு கைபிடியைச் சுற்றினால் உள்ளே 'கறக் கறக்' என்று மணல் அரைக்கிற சத்தம். கல்லடியின் உப்புக் காற்றுக்குத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? பக்கத் தகட்டைக் கழற்றிப் பல்லுச் சில்லுகளில் பிடித்த கறளைப் பழைய பல்துலக்கியால் உரஞ்சி எடுத்தேன். பாமசியில் வாங்கிய லிக்விட் பரபின் உருளை நுனிகளுக்கு ஒவ்வொரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் பிசின் பிடித்து ஊசல் மணம் வரும், அதையும் செய்து பார்த்தாயிற்று. இந்த மெசினுக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. ஒட்டிய மாவை அப்படியே காயவிட்டுத் தூரிகையால் தட்ட வேண்டும், மூலையில் இருப்பதற்கு ஈர்க்கு. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் வண்டு வரும்.

மெசின் படுத்துக் கிடந்த அந்தக் கிழமை மாமி சொன்னது நியாயமாகத்தான் பட்டது: "இடியப்ப உரல் இருக்கக்குள்ள இதென்னத்துக்கு?" வெனிஸ் பக்கத்தில் பிகோலி என்று ஒரு தடித்த பாஸ்தா உண்டு, அதை அச்சில் பிழிந்துதான் எடுக்கிறார்கள். கடையில் விற்கிற ஸ்பகெட்டியும் அச்சுக்குள்ளால் தள்ளி வருவதுதான். ஆகவே மாமியின் மர உரலில் முட்டை மாவை அடைத்து அமத்தினேன். ஒரு அங்குலம் வந்தது, பிறகு நின்றது. மச்சானுக்கு மச்சான் என்று நாங்கள் கூப்பிடுகிற ஆரையம்பதிக்காரர் வந்து மற்றப் பிடியைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து அமத்த, உரல் நீட்டுக்கு வெடித்தது. இடியப்ப மா சுடுதண்ணீரில் குழைத்தது, கை வைத்தாலே இறங்கும். பாஸ்தா மா அப்படியா? அந்த உரல் மாமியின் அம்மாவுடையது. புதுசு வாங்கிக் கொடுத்தேன், ஆனாலும் பழையதன் கதை இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு இப்போது எங்களிடம் நிலையாக மூன்று வகை இருக்கிறது. உள்ளியும் செத்தல் மிளகாயும் எண்ணெயில் வதக்கிப் பிரட்டுவது ஒன்று, நப்போலியில் இருந்து வந்தது, ஆனால் நம்மவர் நாக்குக்குப் புதுசே இல்லை. வாவி இறால் போட்டது இரண்டாவது. மூன்றாவதுதான் பெரிய வேலை: பலேர்மோவின் சாளை மீன் பாஸ்தா.

அது மச்சான் வட்ஸ்அப்பில் சொல்லித் தந்தது. அங்கே சாளை, காட்டுப் பெருஞ்சீரக இலை, உலர்ந்த முந்திரிகை, பைன் பருப்பு, குங்குமப்பூ. சாளைக்குக் கல்லடியில் பஞ்சமில்லை, காலையில் கரைக்குப் போனால் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். உலர்ந்த முந்திரிகை என்பது நம்ம கேக்குக்குப் போடுகிற பிளம்ஸ்தான். பைன் பருப்புக்குப் பதில் கஜு. குங்குமப்பூவை விட்டு ஒரு சிட்டிகை மஞ்சள். இலைக்குத்தான் வழியில்லை. பெருஞ்சீரகத்தை வறுத்து இடித்துப் போட்டேன், முதல் தடவை இரண்டு மேசைக்கரண்டி. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "வயித்துக் குத்துக்குக் குடிக்கிற குடிநீர் மாதிரி இருக்கு" என்றா. இப்போது நாலு பேருக்கு அரைத் தேக்கரண்டி. மீனை நடுவால் பிளந்து முள்ளை நுள்ளி எடுக்கிற வேலைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும், அதை எப்போதும் கடைசியாக வருகிறவர் தலையில்தான் கட்டுவோம்.

சீஸ் இதற்கு வேண்டாம். சிசிலியில் சீஸ் வாங்க வசதி இல்லாதவர்கள் பாண் தூளை வறுத்துத் தூவினார்களாம், நாங்களும் அந்த வகுப்புத்தான். ஒரு சின்னத் துண்டு பார்மசான் விலைக்குப் பத்துப் பேருக்கு மீன் வாங்கலாம். முதல் நாள் பாணை வெயிலில் முறுக வைத்து, துருவி, தாச்சியில் எண்ணெய் விட்டு மெல்லிய நெருப்பில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவில் அரை நிமிடம்தான். ஃபோன் அடித்தாலும் எடுக்காதீர்கள்.

சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தலியத்தெல்லே, அதாவது பட்டையாக வெட்டிய பாஸ்தா, வைக்கிற நாட்களில் எங்கள் கூட்டத்து நில அளவையாளர் அடிமட்டத்தோடு வருவார். இத்தாலியில் போலோஞ்ஞா வர்த்தக சபையில் 1972இல் இதன் அகலத்தைப் பதிந்தே வைத்திருக்கிறார்கள், வெந்த பிறகு 8 மில்லிமீற்றர், தங்கத்தில் மாதிரியும் செய்து. என் மெசின் பச்சையாக ஆறரை மில்லிமீற்றர் வெட்டும், அவிந்து வரும்போது ஏழரை, எட்டு. ஒரு நாள் ஒன்பது வந்தது. "இத்தாலியென்டா உன்னப் புடிச்சி உள்ள போட்டிருப்பானுகள்" என்றார்.

முட்டையும் பன்றி இறைச்சியும் சேர்க்கிற கார்பொனாராப் பாஸ்தா எங்கள் வீட்டில் சரிவரவில்லை. பன்றி இறைச்சி இல்லை, கோழி சொசேஜ்தான், அது போகட்டும். அடுப்பில் இருக்கிற சட்டிக்குள் முட்டையை ஊற்றினால் பொரியல்தான் வரும். சட்டியை இறக்கி, பாஸ்தா அவித்த தண்ணீர் ஒரு அகப்பை விட்டு, சூடு ஆறிய பிறகு ஊற்றிக் கலக்க வேண்டும். மூன்று தடவை பிழைத்துப் படித்தது. எருமைப் பாலில் மொஸரெல்லாச் சீஸ் செய்யப்போன கதை அதைவிட மோசம். இத்தாலியில் கம்பானியாப் பக்கம் எருமைப் பாலில்தானே செய்கிறார்கள், நமக்கும் பட்டி பட்டியாக எருமை இருக்கிறதே என்று நினைத்தேன். உறையவைக்கிற ரெனட் இல்லாமல் வினாகிரியில் முயன்றதில் செருப்பின் அடித்தோல் மாதிரி ஒன்று வந்தது. ஆறு லீற்றர் பால். தேசிக்காய் விட்டுத் திரித்து வடித்தால் மட்டும் நல்ல கட்டி வரும், பசளியோடு சேர்த்து, இரண்டு மாத் தாளை ஒட்டிச் செய்கிற ரவியோலிக்குள் வைக்கலாம். உள்ளே காற்று நிற்காமல் விரலால் அமத்தி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பானைக்குள் வெடித்துச் சூப்பாகிவிடும்.

மெசின் உண்மையில் கைகொடுத்தது 2022இல். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, காஸ் வரிசையில் வெறும் சிலிண்டர்களுக்குக் கயிறு கட்டி வைத்திருந்த காலம். இதற்குக் கரண்ட் தேவையில்லை. காய்ந்த பாஸ்தா பத்து நிமிடம் அவிய வேண்டும், புதுசு இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். விறகடுப்பில் பெரிய பானையை வைத்து, ரோச் வெளிச்சத்தில் ஒருத்தர் சுற்ற ஒருத்தர் ஏந்த, பிள்ளைகள் நீட்டு மாத் தாளை நிலத்தில் முட்டாமல் பிடித்துக்கொண்டு நடந்தது நல்லாக ஞாபகம் இருக்கிறது. முட்டை கிடைக்காத நாட்களில் ரவையை மிக்சியில் நைசாக அரைத்து, பாதி கோதுமை மா சேர்த்து, வெறும் தண்ணீரில் குழைத்தோம். இத்தாலியின் தெற்கில் அப்படித்தான், முட்டை இல்லாமல் ரவை மாவும் தண்ணீரும்தான். மாமியின் வெள்ளிக்கிழமைச் சைவத்துக்கும் அது பொருந்திப்போனது.

குறை என்றால் கைபிடி. பூட்டுவதற்கு மரை இல்லை, சும்மா செருகுவதுதான். மா இறுக்கமாக இருந்தால் நடுவில் கழன்று காலில் விழும். நாலாம் வருடம் செருகுகிற முனை தேய்ந்து வழுக்கத் தொடங்கியது. இணையத்தில் ஒரு கடையில் மாற்றுக் கைபிடி எடுத்தேன், அளவு பொருந்தவில்லை, காசும் திரும்பவில்லை. கடைசியில் டவுனில் லேத் வைத்திருக்கிற ஒருவர் பழைய முனையைப் பார்த்து உருக்கில் கடைந்து தந்தார். வந்ததை விட இதுதான் உறுதி. நூல் மாதிரி வெட்டுகிற பக்கத்தை நான் பாவிப்பதை விட்டுவிட்டேன், ஈரம் ஒரு பொட்டுக் கூடினாலும் அடைக்கும். தடிப்புத் திருகில் 7ஆம் நம்பருக்கும் போவதில்லை, தாள் கிழியும். பட்டைக்கு 5, ரவியோலிக்கு 6.

இப்போது அது ஒரு பழைய துவாயில் சுற்றி, கூடவே ஒரு சீலைப் பையில் பச்சையரிசி போட்டு, மூடி இறுகிற பிளாஸ்ரிக் வாளிக்குள் இருக்கிறது. அரிசியை மாதம் ஒரு தடவை வெயிலில் காயவைத்துப் போடுகிறேன், கறள் பிறகு வரவில்லை.

போன சித்திரைக்கு முதல் கிழமை அந்த வாளி குசினியில் திறந்து கிடந்தது. மாமி சிப்பிப் பலகாரத்துக்கு மா விரித்துக்கொண்டிருந்தா, கைபிடியைச் சுற்ற மகளை வைத்துக்கொண்டு. "மூண்டாம் நம்பர் காணும் தம்பி, அதுக்கு மேல போனா சிப்பி கோடு விழாது" என்றா.